பாகம் பிரித்த வில்வண்டி

என் கணவரின் அண்ணன், எனக்கு மூத்தார், செத்துப்போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்பார்கள். அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. வெற்றிலை போட்டால் கண்ட இடத்தில் துப்ப மாட்டார். அதைச் சொல்லியாயிற்று. இனி வண்டிக் கதையைச் சொல்லுகிறேன்.

அந்த வில்வண்டி என் அப்பா ஆசைப்பட்டுச் செய்த வண்டி. அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது. நான் ஒரே பிள்ளை. எனக்குக் கல்யாணம் ஆனபோது அந்த வண்டியையும் இரண்டு காளைகளையும் சீராகக் கொடுத்து ஆழ்வார்குறிச்சிக்கு அனுப்பினார். “நினைச்சப்ப ஏறி அம்மையைப் பாக்க வந்திரு” என்றார். அதன் பிறகு அவர் எங்கு போனாலும் நடந்துதான் போனார். அடுத்த வருஷமே அவர் காலமாகிவிட்டார். அம்மை அந்த வீட்டில் ஒரு வேலைக்காரியோடு தனியாக இருந்தாள்.

நான் வந்த சில வருஷங்களில் மாமனாரும் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த கையோடு அண்ணனும் தம்பியும் பாகம் பிரிக்க உட்கார்ந்தார்கள். சொந்தக்காரப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். வயலைப் பிரித்தார்கள். பண்டபாத்திரங்களைப் பிரித்தார்கள். வீட்டின் நடுக்கூடத்தில் சுவர் எழுப்பி இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள் என்றார்கள். காளைகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்தார்கள். கடைசியில் தொழுவில் நின்ற வண்டிக்கு வந்தார்கள்.

கதவுக்குப் பின்னால் நின்ற நான் என் கணவரிடம் சொல்லி அனுப்பினேன். அது என் அப்பா கொடுத்தது, பாகத்தில் சேராது என்று. அவர் அதை எவ்வளவு மெதுவாகச் சொன்னார் என்றால், பக்கத்தில் இருந்தவர் “என்ன வே சொல்லுதீரு?” என்று இரண்டு தடவை கேட்டார். மூத்தார் ஒரே தடவையில் பதில் சொன்னார்.

“வண்டி இத்தன வருசம் எந்தத் தொழுவுல நின்னுச்சு? நம்ம தொழுவுல. அந்த மாடு யாரு வீட்டு வைக்கலத் தின்னுச்சு? நம்ம வீட்டு வைக்கல. அப்பம் அதும் பொதுதான்.”

ஆண்டிகள் கூடி மடம் கட்டின மாதிரி பெரிய மனிதர்கள் வெகுநேரம் யோசித்தார்கள். வண்டியை அறுக்க முடியாது. விற்றால் குடும்பத்துக்கு இழுக்கு. ஆகவே வண்டி பொது, முறை வைத்து ஓட்டிக்கொள்ள வேண்டியது, பராமரிப்பில் மட்டும் இடப்பக்கம் மூத்தவருக்கு, வலப்பக்கம் இளையவருக்கு என்று தீர்ப்புச் சொன்னார்கள். இடக்காளையும் இடச்சக்கரமும் அவர்களுடையவை. வலக்காளையும் வலச்சக்கரமும் எங்களுடையவை. எல்லோரும் திருப்தியாக எழுந்து சாப்பிடப் போனார்கள். அந்த இலைகளுக்குப் பரிமாறியவள் நான்தான். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தம்பி பெண்டாட்டி மூத்தார் முன்னால் வந்து நிற்கக் கூடாது, அவரோடு நேருக்கு நேர் பேசக் கூடாது. சொல்ல வேண்டியது இருந்தால் அவர் காதில் விழுகிற மாதிரி சுவரிடம் சொல்லலாம், பிள்ளையிடம் சொல்லலாம், மாட்டிடமும் சொல்லலாம். நான் பெரும்பாலும் மாட்டிடம் சொன்னேன். அது எங்கள் பாகத்துக் காளை என்பதால் எனக்கு அந்த உரிமை இருந்தது.

முதல் இரண்டு பிரசவமும் அம்மை வீட்டில் நடந்தன. மூன்றாவது பையன் ஒரு சித்திரையில், அவசரமாக, ஆழ்வார்குறிச்சியிலேயே பிறந்துவிட்டான். அந்த வருஷம் வண்டி ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தது. வில்லில் ஒரு பட்டை முறிந்திருந்தது, ஆரக்கால்கள் ஆடின, கூண்டின் பாய் கிழிந்து வெயில் உள்ளே விழுந்தது. மராமத்துப் பார்ப்பதா, புதிது வாங்குவதா என்று பேச்சு ஆரம்பித்தது. மூத்தார் புதிது என்றார். என் கணவர் மராமத்து என்றார். நான் இரண்டில் எதுவானாலும் சரி என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை.

ஆடி மாதம் சேலை மூட்டை கொண்டுவரும் அண்ணாச்சி வந்தார். ஊர் ஊராகப் போகிறவர், எங்கள் அம்மை வீட்டுக்கும் வாடிக்கை. மூட்டையை அவிழ்க்கும் முன்பே சொன்னார்.

“தாயி, உங்க அம்மைக்கு ஒரு கண்ணு போயிட்டு. மத்த கண்ணும் மங்கிக்கிட்டே வருது. அது அடையதுக்குள்ள சின்னப் பிள்ளையக் கொண்டாந்து ஒரு தடவ காட்டிட்டுப் போகச் சொல்லுதாக.”

அன்று நான் சேலை எதுவும் எடுக்கவில்லை. கணவர் வந்ததும் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. அண்ணன் எதிரே பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்காக அண்ணனிடம் போய்ப் பேசினார். சரி அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடி புது வண்டியே வாங்கிவிடுவோம் என்று விட்டுக்கொடுத்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“புதுசா?” என்றார் மூத்தார். “பழைய மரத்துக்கு ஈடு உண்டாலே? இந்தக் காலத்துல எவன் இப்படி மரம் போடுதான்? மராமத்துப் பாத்தாப் போதும்.”

தம்பி எதைச் சொன்னாரோ அதற்கு எதிர்ப்பக்கம் போய் நிற்பது அவர் வழக்கம். என் கணவர் சளைக்காமல், அப்படியானால் மராமத்தே பார்ப்போம் என்றார். மூத்தாருக்கு இனிப் போக இடமில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, தீர்ப்புப்படி அவரவர் பக்கத்தை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியது என்றார்.

எங்கள் சக்கரம் இனி ஆகாது என்று ஆசாரி சொன்னார். புதிதாகவே செய்துவிடுவோம் என்று என் கணவர் ஏற்பாடு செய்தார். ஆசாரி அளவு எடுக்க நூலோடு வந்தபோது எங்கள் பழைய சக்கரம் மர விளிம்பான வட்டை உடைந்து கிடந்தது, அதில் அளவு சொல்ல முடியாது. இடச்சக்கரத்தில் நூல் பிடிக்கப் போனார். மூத்தார் வாசலுக்கு வந்துவிட்டார்.

“எவன்லே அது? என் சக்கரத்துல எவனும் நூல் பிடிக்கக் கூடாது. உங்க சக்கரத்துக்கு உங்க சக்கரத்துல அளவு எடுங்க.”

ஆசாரிக்கு என்ன வந்தது? குத்துமதிப்பாகச் செய்து கொடுத்துவிட்டுப் போனார். மூத்தார் வேறு ஓர் ஆசாரியைக் கூட்டி வந்து, தன் பழைய சக்கரத்தின் தேய்ந்த வட்டையைச் செதுக்கி, பழைய இரும்புப் பட்டையையே வெட்டிக் குறுக்கி மாட்டினார். எங்கள் சக்கரம் வளர்ந்தது. அவர் சக்கரம் குட்டையானது. இரண்டையும் அச்சில் கோத்து நிறுத்தியபோது வண்டி இடப்பக்கம் சாய்ந்து நின்றது. நாலு விரல் வித்தியாசம் இருக்கும். பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு மட்டும் தெரியவில்லை, அல்லது முதலில் சொன்னவர் தோற்றவர் ஆகிவிடுவார் என்று இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

எனக்குத் தெரிந்தது. ஆனாலும் ஏறினேன். அம்மையின் கண் எனக்காகக் காத்திருக்காது.

ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்துப் புறப்பட்டோம். மூத்த பிள்ளைகள் இரண்டையும் மூத்தார் பெண்டாட்டியான ஓரகத்தியிடம் விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு திரைக்கு உள்ளே உட்கார்ந்தேன். கணவர் முன்னால் உட்கார்ந்து ஓட்டினார். தெரு முழுக்க நான் இடப்பக்கம் சரிந்துகொண்டே போனேன். ஒரு கையால் பிள்ளையையும் மறுகையால் கூண்டின் வளையையும் பிடித்துக்கொண்டேன். தெருக்கோடியில் வாய்க்கால் பாலம். அங்கே எங்கள் உயரமான சக்கரம் ஒரு கல்லில் ஏறியது. அவ்வளவுதான். வண்டி பைய, ரொம்பப் பைய, இடப்பக்கமாக வாய்க்காலுக்குள் படுத்துக்கொண்டது.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு முழங்கை சிராய்ந்தது. திரை கிழிந்து, பெண்களை யாரும் பார்க்கக் கூடாது என்று கட்டிக் காத்த குடும்பத்தின் மருமகளை, இடுப்பளவு தண்ணீரில் ஊரே நின்று பார்த்தது. மூத்தார் ஓடி வந்தார். முதலில் தன் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு தன் காளையின் காலைத் தடவிப் பார்த்தார். பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அந்த இடத்தில்தான் அவர் மேல் எனக்கு இருந்த கோபம் முற்றியது. அதுவரை கோபம் வரும், சமையல் வேலையில் மறந்துபோகும். அன்றிலிருந்து மறக்கவில்லை.

“உங்க சக்கரம் குட்டை அண்ணாச்சி” என்றார் என் கணவர், நனைந்த வேட்டியோடு.

“உன் சக்கரம் நெட்டைலே.”

“மேல ஒரு பட்டை போட்டா சரியாப் போகும்.”

“உன் சக்கரத்தச் செதுக்கினாலும் சரியாத்தான் போகும்.”

வாய்க்காலில் நின்றுகொண்டே இதைப் பேசினார்கள். வண்டியைத் தூக்கித் தொழுவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கேயே நின்றது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று சொல்லுவார்கள், இந்த வண்டி இரண்டு காலையும் சேற்றில் வைத்துக்கொண்டு நின்றது. புரட்டாசியில் மூத்தார் மறுபடியும் புது வண்டி என்றார். என் கணவர், புது வண்டியும் பொதுவா என்று கேட்டார். பின்னே இல்லாமலா என்றார் மூத்தார். நான் எங்கள் காளையிடம் போய், “இனி உனக்குப் பேரப்பிள்ளை பிறந்தாலும் வண்டி கட்ட மாட்டாக, நிம்மதியாப் படு” என்று உரக்கச் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் மூத்தார் இருமினார்.

எனக்கு வேறு வழி இருந்தது என்று இதைப் படிக்கிறவர்கள் நினைக்கலாம். இருந்தது. எங்கள் ஊர் வழியாக ரயில் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஏறி உட்கார்ந்தால் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் அம்பாசமுத்திரம். ரயிலடியில் வாடகை வண்டிகள் நின்றன. ஓர் இரவு சாப்பாட்டுக்குப் பின் கணவரிடம் கேட்டேன்.

“ரயில்ல கூட்டிட்டுப் போங்க.”

“நம்ம வீட்டுப் பொம்பளைக இதுவரைக்கும் ரயில்ல போனதில்ல. கண்டவன் பக்கத்துல உக்காரணும்.”

“அப்பம் வாடகை வண்டி பேசுங்க.”

“தொழுவுல சொந்த வண்டிய நிறுத்திட்டு வாடகை வண்டியில ஏறினா ஊரு என்ன சொல்லும்? வண்டி இல்லாத வீடுன்னா சரி. இது வண்டி இருக்க வீடுல்லா.”

அவர் சொன்னது வாஸ்தவம். எங்கள் தெருவில் வண்டி இல்லாத வீட்டுப் பெண்கள் தாராளமாக வாடகை வண்டியில் தாய் வீட்டுக்குப் போய் வந்தார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி உள்ள வீட்டில் வாழ்க்கைப்பட்டதால்தான் நான் போக முடியவில்லை. என் அப்பா நான் நினைத்தபோது வரட்டும் என்று கொடுத்த வண்டி, நான் எங்கும் போகாதபடி தொழுவில் சாய்ந்து நின்றது. இந்த நியாயம் எனக்குப் புரிய இத்தனை நாள் ஆயிற்றே என்றுதான் அன்றைக்கு எரிச்சல் வந்தது.

கார்த்திகையில் சேலை அண்ணாச்சி மறுபடியும் வந்தார். இந்தத் தடவை அவர் என் முகத்தைப் பார்க்காமல் மூட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“இப்பம் வெளிச்சம் மட்டும் தெரியுதாம் தாயி. ஆளு தெரியலயாம்.”

தை பிறந்தது. அண்ணனும் தம்பியும் வழக்குப் போடுவது என்று முடிவு செய்தார்கள். யாருடைய சக்கரத்தால் வண்டி கவிழ்ந்தது என்பதுதான் வழக்கு. மூத்தாருக்கு வண்ணார்பேட்டையில் ஒரு வக்கீல், என் கணவருக்குத் திருநெல்வேலி டவுனில் ஒரு வக்கீல். ஒரே நாளில், ஒரே ரயிலில், வேறு வேறு பெட்டியில் ஏறிப் போனார்கள். அந்த ரயில் என் அம்மையின் ஊரில் நின்றுதான் போகும். வண்டிக்காக வழக்கு, வழக்குக்கு ரயில், ரயிலில் ஆண்கள். எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது, அது நல்ல சிரிப்பு இல்லை.

அவர்கள் தலை மறைந்ததும் தொழுவுக்குப் போனேன். வலச்சக்கரத்தின் கடையாணியைப் பிடுங்கினேன். தொழுவு பெருக்குகிறவளைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகச் சக்கரத்தை ஆட்டி ஆட்டி இழுத்தோம். அது கழன்று உருண்டு வைக்கோல் படப்பில் போய்ச் சாய்ந்தது. வண்டி அச்சு தரையில் இடிக்க வலப்பக்கம் விழுந்தது. இத்தனை மாதம் இடப்பக்கம் சாய்ந்து நின்றதைப் பார்த்த கண்ணுக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. பெருக்குகிறவள் பயந்துபோய், “அம்மா, பெரியவுக கொன்னுருவாக” என்றாள். கோடரியைக் கொண்டு வரச் சொன்னேன்.

புதுச் சக்கரம், நல்ல கருவேல மரம், சுலபத்தில் பிளக்கவில்லை. ஆரக்கால்களை ஒவ்வொன்றாக உடைத்தேன். கை கொப்புளித்தது. சத்தம் கேட்டு ஓரகத்தி வந்து வாசலில் நின்றாள். அவளும் நானும் பாகம் பிரிந்த நாளிலிருந்து தேவைக்கு மேல் பேசுவதில்லை. கோடரியைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள்.

“இது எங்க பாகம்” என்றேன். “ஒங்க சக்கரத்தத் தொடல. வேணும்னா எண்ணிப் பாத்துக்கிடுங்க.”

“தெரியுது” என்றாள். “எரிக்கதுன்னா அந்தப் பக்கமா எரி. சாம்பல் எங்க முத்தத்துல விழப்பிடாது.”

அந்தப் பக்கமாகவே எரித்தேன். பெரிய அண்டாவில் தண்ணீர் வைத்து அந்த விறகில் காய்ச்சினேன். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன், நானும் குளித்தேன். பாட்டி வீட்டுக்குப் போகிற பிள்ளை அழுக்காகப் போகக் கூடாது. பிறகு பெருக்குகிறவளை ரயிலடிக்கு அனுப்பி வாடகை வண்டி ஒன்றைக் கூட்டி வரச் சொன்னேன். மூத்த பிள்ளைகள் இரண்டையும் மறுபடியும் ஓரகத்தியிடம் விட்டேன். எங்கள் வீடு இப்போது வண்டி இல்லாத வீடு. ஊர் ஒன்றும் சொல்ல முடியாது. வண்டிக்காரர் ரயிலுக்கா என்று கேட்டார். அம்பாசமுத்திரம் வரைக்கும் சாலையிலேயே போகச் சொன்னேன். திரும்பி வரும் அந்த இரண்டு முகங்களில் ரயிலடியில் விழிக்க எனக்கு மனமில்லை.

அந்த வாடகை வண்டியில் மெத்தை இல்லை, வைக்கோல்தான். இரண்டு சக்கரமும் ஒரே உயரம். அது போதும். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

அம்மை வீட்டு வாசலில் வண்டி நின்றபோது அவள் உள்ளே முற்றத்து ஓரத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி விரல்கள் அளைந்துகொண்டிருந்தன. நான் படியேறி உள்ளே போய் எதிரே நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் காதைச் சாய்த்தாள்.

“யாரு வந்திருக்கா? நம்ம வண்டிச் சத்தம் இல்லையே.”

வரும் வழியெல்லாம் நான் அழவில்லை. வாய்க்காலில் விழுந்தபோதும் அழவில்லை. அவள் இத்தனை மாதமும் அந்த வண்டியின் சத்தத்துக்காகக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று தெரிந்தபோது அழுதேன். அழுகையைக் கேட்டுத்தான் அவளுக்கு ஆள் தெரிந்தது.

“வண்டி எங்கட்டி?”

“ஒடச்சு அடுப்புல வச்சிட்டேன்.”

“முழுசுமா?”

“நம்ம பாகத்த மட்டும்.”

அம்மை முறத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளையை மடியில் போட்டேன். அவனை வெளிச்சத்தின் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தலையை அப்படியும் இப்படியும் சாய்த்தாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டுத் தடவ ஆரம்பித்தாள்.

“ஆவணியில ஆளு நிழலு மாதிரியாவது தெரிஞ்சுச்சு” என்றாள். குறை சொல்லுகிற குரல் இல்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்கு இருந்தது. “யாரு சாயல்ட்டி?”

“ஒங்க சாயல்தான் அம்மா. அப்படியே உரிச்சு வச்ச மாதிரி.”

நெற்றி, புருவம், கன்னம் என்று விரல்கள் இறங்கி வந்தன. மூக்கில் வந்து நின்றன. நடுவில் உயர்ந்து நுனியில் வளைகிற மூக்கு. என் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் வரிசையில் முதலாவதாக நின்று, சீர்ப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தவரின் முகத்தில் அதை அம்மை பார்த்திருக்கிறாள். கண் நன்றாக இருந்த காலம்.

“பொய் சொல்லாத” என்றாள், சிரித்தாள். “இது ஒன் மூத்தார் மூக்குல்லா.”

அவள் அந்த மூக்கையே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டு சிரித்தாள். தன் பேரன் முகத்தில் அவள் கண்டுகொண்டது அது ஒன்றைத்தான். நான் சிரிக்கவில்லை.